பெருநாள் டொபிக்கு ஏன் பூட்டு?

நோன்புப் பெருநாள் முடிந்ததும் பிள்ளைகளின் பைகளில் டொபி, சொக்லேட். நாம் ஒன்றில் அலுமாரியில் வைத்துப் பூட்டுகிறோம், இல்லையென்றால் ஒரே நாளில் தின்று முடிக்க விடுகிறோம். இரண்டும் வளர்ப்பல்ல. பூட்டு களவைத்தான் பழக்கும்.

பெருநாள் தொழுகைக்கு முன் கைக்குழந்தைக்கும் சேர்த்தே பித்ரா கொடுக்கிறோம். வட்டிலப்பத்தை அயல்வீட்டுக்கு அனுப்பிய பிறகே வெட்டுகிறோம். டொபியில் மட்டும் ஏன் உருகியதையும் மிஞ்சியதையும் கொடுத்துவிட்டு அதைத் தர்மம் என்கிறோம்? பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

எண்ணிப் பிரிக்கும் வேலையைப் பிள்ளையிடமே விடுவோம். கொடுக்கும் பங்கை முதலில் எடுக்கட்டும், தனக்குப் பிடித்ததிலிருந்தே. மீதியில் நாளுக்கு இரண்டு, அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு. இரவில் பல் துலக்கினால் அதோடு சரி.

"பிள்ளை ஏமாளியாகிவிடும்" என்கிறார்கள் சிலர். இன்று கொடுத்துப் பழகாத கை, நாளை நமக்கும் நீளாது.