ஒரே ஆலை, ஒரே குவளை

சந்தா கட்டியதால் மட்டும் ஐக்கியம் வந்துவிடாது. இது சரித்திரம் தந்த பாடம்.

1918ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. 1921ல் பின்னி ஆலைகளில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினர். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிகள் வெடித்தன. போராட்டம் தோற்றது. பழியை அவர்கள் தலையில் போடுவது சுலபம். ஆனால் ஒரே ஆலையில் உழைத்தவர்கள், சங்கு ஊதியதும் ஊருக்கும் சேரிக்குமாகப் பிரிந்து போனார்களே! அந்தப் பிளவுதான் முதலாளிக்கு ஆயுதமாயிற்று.

இது பழங்கதை அல்ல. 2022 டிசம்பரில், நம் புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில், தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது. விசாரிக்கப் போன அதிகாரிகள் முன்னால் டீக்கடை இரட்டைக் குவளையும் அம்பலமாயிற்று.

திருக்கோகர்ணத்துத் தோழர்களே! வாயிற்கூட்டத்தில் தோளோடு தோள் நிற்கிறோம். ஆலையிலும் வரப்பிலும் ஒன்றாய் உட்கார்ந்து உண்கிறோமா? கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கிறோமா? இல்லையென்றால் நம் போராட்டத்துக்கும் 1921ன் கதிதான்.

நாளை மதியம் தூக்குச்சட்டிகளை ஒன்றாகத் திறப்போம். சங்கம் அங்கேதான் தொடங்குகிறது.