மஞ்சூரில் தண்ணீர் கொதிப்பது 93 டிகிரியில்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அறிவியல் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். மஞ்சூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, நீரின் கொதிநிலைக்கு 93 என்று எழுதியிருந்தாள். விடைக்குறிப்பில் 100 இருந்ததால் அவளுக்கு மதிப்பெண் கிடைக்கவில்லை. "இதை எந்தப் புத்தகத்தில் படித்தாய் அம்மா?" என்று கேட்டேன். "படிக்கல சார். ஸ்கூல் தெர்மாமீட்டரைப் பாத்திரத்தில விட்டுப் பார்த்தேன். அதுக்கு மேல ஏறவே இல்ல" என்றாள். எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் மதிப்பெண் மாறவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அவள் எழுதியதுதான் சரி. மஞ்சூர் இருக்கும் ஏறத்தாழ 2000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான் இருக்கும். அங்கே நீர் 93 டிகிரியை ஒட்டியே கொதிக்கும்.

நவம்பரில் நம் இந்திய இயற்பியல் ஆசிரியர் கழகம் நடத்தும் தேசியத் தகுதித் தேர்வு வருகிறது. ஒலிம்பியாடுக்குப் போக நினைக்கும் மாணவருக்கு அதுதான் முதல் படி. வெப்ப இயக்கவியலுக்குப் பயிற்சி என்றால் பழைய வினாத்தாள்களைக் கட்டுக்கட்டாக அச்செடுத்துக் கொடுக்கிறோம். பிள்ளைகளும் சூத்திரத்தில் எண்ணைப் போட்டு விடையை எடுத்துவிடுகிறார்கள். ஆனால் அமைப்பு எது, சூழல் எது, வேலையைச் செய்தது எது என்று கேட்டால் திகைத்து நிற்கிறார்கள்.

அந்த மாணவியைப் போல இவர்களும் கண்ணெதிரே இருப்பதிலிருந்தே கற்கட்டும். குக்கரிலிருந்து தொடங்கலாம். மலையில் கடலையும் பருப்பும் திறந்த பாத்திரத்தில் லேசில் வேகாது என்பது எந்த வீட்டிலும் தெரிந்த சங்கதி. குக்கர் வைத்தால் சமவெளிச் சமையலுக்குச் சமமாகிவிடுமா? ஆகாது. வெயிட் தருவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் ஒரு கூடுதல் அழுத்தம் மட்டுமே. வெளி அழுத்தமே குறைவு என்பதால் சமவெளியில் 120 டிகிரி தொடும் குக்கர், மஞ்சூரில் 116, 117 டிகிரியில் நின்றுவிடும். இதைத் தானாகக் கண்டுபிடிக்கும் பிள்ளைக்கு ஆவியழுத்தத்தைத் தனிப் பாடமாக நடத்த வேண்டியதில்லை.

அடுத்து, கெத்தை மின்நிலையம். குந்தா ஆற்று நீர் ராட்சதக் குழாய்களில் இறங்குவதை மஞ்சூர்ப் பிள்ளைகள் பார்த்தே வளர்கிறார்கள். நயாகராவில் 160 அடி விழும் நீர் அடிவாரத்தில் ஃபாரன்ஹீட்டில் ஐந்தில் ஒரு டிகிரி சூடேறியிருக்கும் என்று 1845-இல் ஜூல் கணக்கிட்டார். அதே கணக்கில் 100 மீட்டர் விழும் நீர் ஏறத்தாழ கால் டிகிரி செல்சியஸ் சூடேற வேண்டும். கெத்தைக் குழாயில் இறங்கும் நீரும் அப்படிச் சூடேறுமா என்று வகுப்பில் கேளுங்கள். பெரும்பாலோர் ஆம் என்பார்கள். ஆனால் ஆற்றலின் பெரும்பங்கை டர்பைன் வேலையாக வாங்கிக்கொண்டு கம்பி வழியே அனுப்பிவிடுகிறதே! உராய்வில் வீணானது மட்டும்தான் நீரில் வெப்பமாக மிஞ்சும். முதல் விதிக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. உள்ளாற்றலையும் வேலையையும் இங்கே பிரித்துப் பார்த்தவர்கள் குறியீட்டில், கூட்டலா கழித்தலா என்று பிறகு தடுமாறுவதில்லை.

தேயிலைத் தொழிற்சாலையும் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை வேண்டும், மீதியெல்லாம் நீர். ஒரு கிலோ நீரை ஆவியாக்கச் சுமார் 2260 கிலோஜூல் ஆகும். அப்படியானால் விறகு எவ்வளவு? வாடவைக்கும் தொட்டியில் வீசும் காற்று அதில் எவ்வளவை மிச்சப்படுத்துகிறது? நல்ல போட்டி வினா இது.

வினாத்தாள் தயாரிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொதிநிலை கேட்கும்போது அழுத்தத்தையும் சேர்த்தே குறிப்பிடுங்கள். ஆசிரியர்களே, இந்த மாதமே உங்கள் பள்ளியில் நீரைக் கொதிக்கவைத்து மாணவர்களையே அளக்கச் சொல்லுங்கள். ஊர்ப் பெயர், உயரம், தெர்மாமீட்டர் காட்டிய எண் மூன்றையும் எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். வருகிற அளவுகள் அனைத்தையும், அளந்த வகுப்பின் பெயரோடு வெளியிடுவோம்.