பழைய இஞ்சினும் புதிய பிளக்கும்

பழம்பொருளைக் காப்பது என்றதும் நமக்குக் கல்வெட்டும் ஓலைச்சுவடியும்தான் நினைவுக்கு வருகின்றன. ஓடுகிற பழம்பொருள்களும் உலகில் உண்டு. அவற்றைக் காப்பதில் உள்ள சிக்கல் வேறு வகைப்பட்டது. நூறாண்டு கண்ட காரை ஓட்டாமல் வைத்திருந்தால் துருப்பிடித்து இறுகிவிடும்; ஓட்டினாலோ தேயும், தேய்ந்ததை மாற்றியாக வேண்டும். எதை மாற்றலாம், எதுவரை மாற்றலாம் என்னும் கேள்வியை அந்தக் காரின் மிகச் சிறிய உறுப்புகளில் ஒன்றான ஸ்பார்க் பிளக்கை முன்வைத்துப் பேசிப் பார்க்கலாம்.

ஃபோர்டு நிறுவனத்தின் மாடல் டி காரை எடுத்துக்கொள்வோம். 1908 முதல் 1927 வரை அமெரிக்காவில் ஒன்றரைக் கோடிக்கும் மேல் உற்பத்தியான வண்டி இது. ஏராளமானவை இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2.9 லிட்டர் கொள்ளளவு இருந்தும் இதன் நான்கு சிலிண்டர் இஞ்சின் தரும் திறன் 20 குதிரைசக்திதான். கலவையை அது அழுத்தும் விகிதம் ஏறத்தாழ நான்குக்கு ஒன்று. இன்றைய கார்களிலோ பத்துக்கு ஒன்று என்பது சாதாரணம். இதில் எண்ணெயை அனுப்பத் தனிப் பம்பு கிடையாது. சுழலும் பாகங்கள் வாரித் தெளிக்கும் எண்ணெயே உயவு. அந்த எண்ணெயில் கொஞ்சம் எரியறைக்குள் ஏறிவிடும். பிளக்கில் கரி படியும்.

இந்த இஞ்சினுக்கென்றே பெயர்பெற்றது, டொலீடோ நகரத்துச் சாம்பியன் நிறுவனம் செய்த எக்ஸ் என்னும் பிளக். அரை அங்குலக் குழாய் மரை கொண்டது. நுனியை நோக்கிக் குறுகிச் செல்லும் அந்த மரையே வாயுவை அடைத்துவிடும், தனி வாஷர் வேண்டியதில்லை. அதைக் கழற்றிப் பீங்கானை வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி பூட்டலாம். கரி பிடிப்பது தவிர்க்க முடியாதது என்று அறிந்தவர்கள், துடைப்பதை எளிதாக்கிவைத்தார்கள்.

இங்கே இரண்டு கட்சிகள் எதிரெதிரே நிற்கின்றன. பழைய எக்ஸ் பிளக்கைத் தவிர எதையும் தொடமாட்டேன் என்பது ஒன்று. நூறாண்டு அறிவியல் தந்த சிறந்த பிளக்கை ஏன் மறுக்க வேண்டும் என்பது மற்றொன்று. இரு கட்சியாரும் இஞ்சினிடம் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை என்பதே நம் கருத்து.

பழமைக் கட்சிக்கு முதலில் ஒரு சொல். அக்காலப் பீங்கான் இன்றைய அலுமினாவுக்கு ஈடாகாது. அது வெப்பத்தில் விரிசல் விடும். விரிசல் வழியே மின்சாரம் கசிந்தால் பொறி விழாது. பார்வைக்குக் குறையற்ற பழைய பிளக் ஏற்றத்தில் காலை வாரிவிடுவது இதனால்தான். புதிய பீங்கானை ஏற்பது அந்த வண்டிக்குச் செய்யும் துரோகம் ஆகாது.

புதுமைக் கட்சிக்குச் சொல்ல வேண்டியது சற்று அதிகம். இரிடியம் முனை ஒரு லட்சம் கிலோமீட்டர் தேயாது என்கிறார்கள், உண்மைதான். ஆண்டுக்குச் சில நூறு கிலோமீட்டர் ஓடும் காருக்கு அதனால் என்ன பயன்? முனை தேயும் முன்பே கரி மூடிவிடும், அந்த மெல்லிய முனையைத் தேய்த்துத் துடைக்கவும் முடியாது. அடுத்தது, பிளக்கினுள் வைக்கப்படும் மின்தடை. வானொலியில் இரைச்சல் கேட்காதிருக்கவே அது முதலில் தேவைப்பட்டது. மோட்டோரோலா கார் வானொலி விற்பனைக்கு வந்தது 1930இல். மாடல் டி அதற்கு மூன்றாண்டு முன்பே விடைபெற்றுவிட்டது. அதற்கு இல்லாத நோய்க்கு மருந்து எதற்கு?

உண்மையில் பார்க்க வேண்டியது வெப்ப எண்ணை. பிளக்கின் நுனி ஏறத்தாழ 450 பாகை செல்சியஸை எட்டினால்தான் தன்மேல் படிந்த கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 850ஐ வெகுவாகத் தாண்டினால் பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும். குறைந்த அழுத்தத்தில் நிதானமாக ஓடும் இஞ்சினில் நுனி குளிர்ந்தே கிடக்கும். ஆகவே அதற்கு வேண்டியது, வெப்பத்தை எளிதில் கடத்திவிடாத, பீங்கான் மூக்கு நீண்ட ‘சூடான’ பிளக். பந்தயக் காருக்கான ‘குளிர்ந்த’ பிளக்கை விலை அதிகம் என்பதற்காகவே பூட்டினால் அரை மணியில் கரி மூடும். எண்களைப் படிப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது: என்ஜிகே நிறுவனத்தில் எண் ஏறினால் குளிர்ச்சி, சாம்பியன், பாஷ் நிறுவனங்களில் எண் ஏறினால் சூடு. இடைவெளியும் முக்கியம். இன்றைய பிளக்குகள் பல 1.1 மில்லிமீட்டர் இடைவெளியோடு வருகின்றன. மாடல் டியின் அதிரும் காயில்களுக்கு அங்குலத்தில் 1/32, அதாவது 0.8 மில்லிமீட்டரை ஒட்டியதே பொருந்தும்.

எஞ்சியிருப்பது மரை. இன்றைய பிளக் பெரும்பாலும் 14 மில்லிமீட்டர். அதைப் பொருத்த இரு வழிகள். ஒன்று, பழைய மரையில் அடாப்டரைத் திருகி அதற்குள் புதிய பிளக்கை வைப்பது. பொறி விழும் முனை குழிக்குள் ஒளிந்துகொண்டால் புதுக் கலவை அங்கே சரியாக எட்டாது. அளவுக்கு மீறி நீண்டாலோ உள்ளே இயங்கும் பாகத்தில் இடிக்கும். எனவே இஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்த பிறகே கிளப்ப வேண்டும். மற்றொன்று, வார்ப்பிரும்புத் தலையையே குடைந்து புதிய மரை வெட்டுவது. முதல் வழியில் பிழை நேர்ந்தால் கழற்றிவிடலாம். இரண்டாவதில் பிழையை உணரும்போது பழைய தலை இருக்காது.

இந்த இடத்தில்தான் நாம் கட்சி சேர்கிறோம். பழைய நூலைச் சந்தி பிரித்து, நிறுத்தக்குறி இட்டுப் பதிப்பிப்பவரை நாம் குறை சொல்வதில்லை. அப்படிப் பதித்ததால்தான் பலர் படிக்கிறார்கள். ஆனால் மூல ஏட்டின்மேலேயே திருத்தங்களைக் கீறுபவரை மன்னிக்க மாட்டோம். அடாப்டர் ஒரு பதிப்பு. குடைவது ஏட்டைக் கீறுவது.

எனவே புதிய பிளக் வேண்டுமானால் தாராளமாகப் பூட்டலாம்: மின்தடை இல்லாத, சாதாரண நிக்கல் முனையுள்ள, சூடான வகையாக அது இருக்கட்டும். கழற்றி வைத்த நான்கு எக்ஸ் பிளக்குகளையும் துடைத்து, எண்ணெய்த் துணியில் சுற்றி, வண்டியின் பெட்டியிலேயே வைத்துவிடலாம். நமக்குப் பின் அந்த வண்டிக்கு உடையவர் வேறு விதமாக முடிவெடுக்கக்கூடும். அந்த உரிமையை அவருக்கு விட்டுவைப்பது நம் கடமை.