மேய்ச்சல் நிலமே அளவுகோல்

இந்தியாவும் சீனாவும் மீண்டும் நெருங்கி வருவது வரவேற்கத்தக்கது. 2020 ஜூன் 15 அன்று லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையினருடன் நடந்த மோதலில் 20 இந்திய வீரர்கள் உயிர்த்தியாகம் செய்தனர். அவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். அதன்பின் முடங்கிய உறவு, 2024 அக்டோபரில் டெப்சாங், டெம்சோக் பகுதிகளில் ரோந்து செல்வது குறித்து ஏற்பட்ட உடன்பாட்டால் உயிர்பெற்றது. 2025இல் கைலாஷ் மானசரோவர் யாத்திரையும் நேரடி விமானச் சேவையும் மீண்டும் தொடங்கின. ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு பிரதமர் மோடி சீனா சென்றார்.

ஆனால், எல்லையில் நிலைமை இன்னும் சீராகவில்லை. கல்வான், பாங்காங் ஏரிக்கரை, கோக்ரா, ஹாட் ஸ்பிரிங்ஸ் ஆகிய இடங்களில் 2020க்கும் 2022க்கும் இடையே படைகள் விலக்கப்பட்டபோது, இரு தரப்பும் ரோந்து செல்லாத இடைப்பகுதிகள் உருவாக்கப்பட்டன. தற்காலிக ஏற்பாடு என்று சொல்லப்பட்ட இவற்றை 2024 உடன்பாடு தொடவில்லை. சுஷுல் பகுதி மேய்ப்பர்கள் தலைமுறைகளாக பஷ்மினா ஆடுகளை ஓட்டிச்சென்ற குளிர்கால மேய்ச்சல் நிலங்கள் சில இந்த ஏற்பாட்டால் கைநழுவின. மேய்ப்பர் நடமாட்டம்தான் எல்லையில் நமது உரிமைக்கு உயிருள்ள சாட்சி. ஆடு போகாத நிலத்தில் நாளை நம் உரிமைக்குரலும் வலுவிழக்கும்.

வணிகத்தைத் தள்ளிப்போட முடியாது என்பது உண்மைதான். 2024-25இல் சீனாவுடனான வர்த்தகப் பற்றாக்குறை சுமார் 9,900 கோடி டாலர். அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதிக்கு சீனா விதித்த கட்டுப்பாடு நம் வாகனத் தொழிலை உலுக்கியது. அமெரிக்காவின் 50 சதவீத வரியும் நம்மை நெருக்கியது. பேச்சுவார்த்தைக்கு இவை நியாயமான காரணங்கள். எனினும், தேவை அதிகமுள்ளவர் அவசரப்பட்டால் எதிர்த்தரப்பே பேரத்தை முடிவு செய்யும். வர்த்தகம் வளர்ந்தால் எல்லை தானாக அடங்கும் என்ற நம்பிக்கையைக் கல்வான் பொய்யாக்கிவிட்டது.

படை விலக்கம் முடிந்தது, அடுத்து படைக்குறைப்பு என்று 2024 டிசம்பரில் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அந்த அடுத்த கட்டத்துக்குக் காலக்கெடு வேண்டும். இடைப்பகுதிகளை அகற்றி, மேய்ப்பர்களை மீண்டும் அனுமதிப்பது அதன் முதல் அம்சமாக இருக்க வேண்டும். சீன முதலீடுகள் மீதான கட்டுப்பாடுகளைத் தளர்த்துவது அந்த முன்னேற்றத்தோடு இணைக்கப்பட வேண்டும். பேச்சு நடக்கும்போது ரகசியம் காப்பது முறையே. ஆனால், எட்டப்பட்ட உடன்பாட்டின் விவரங்களை நாடாளுமன்றத்தில் முழுமையாக விவாதிக்க அரசு தயங்கக் கூடாது. எல்லைக்காக உயிரைக் கொடுத்தவர்களுக்கும், எல்லையிலேயே வாழ்பவர்களுக்கும் அரசு பட்டிருக்கும் கடன் இது.