பாடப் பெயரும் பெரிய எழுத்தும்

பள்ளி இறுதி வகுப்பில் மகனோ மகளோ பயிலும் இல்லங்களில், ஐப்பசி பிறக்கும் முன்னரே ஒரு பரபரப்புத் தோன்றிவிடுகிறது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களுக்கு அக்டோபர் 15-ஆம் நாளுக்குள் விண்ணப்பம் சென்று சேர வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கு ஜனவரித் தொடக்கம் கெடுவாகும். நம் நாட்டிலும் சில பல்கலைக்கழகங்கள் நுழைவுத் தேர்வோடு நில்லாமல், மாணவர் தம்மைப் பற்றித் தாமே எழுதும் கட்டுரையைக் கேட்கின்றன. பிள்ளை எழுதி முடித்த அக்கட்டுரை, திருத்தத்திற்காக வீட்டுப் பெரியவர்களின் கைக்கு வருகிறது. அப்பொழுது பல இல்லங்களில் எழும் ஐயம் ஒன்றையே இத்திங்கள் ஆராய விரும்புகிறோம். ஆங்கிலத்தில் எழுதுங்கால், பாடங்களின் பெயர்களைப் பெரிய எழுத்தால் தொடங்குவதா, சிறிய எழுத்தால் தொடங்குவதா?

விதி எளியது. பாடத்தின் பெயர் பொதுவாக வருமிடத்துச் சிறிய எழுத்தே போதும். பிஸிக்ஸ், கெமிஸ்ட்ரி, மாதமாடிக்ஸ், எகனாமிக்ஸ், ஹிஸ்டரி ஆகிய யாவும் வாக்கியத்தின் நடுவில் சிறிய எழுத்தால் தொடங்க வேண்டியவையே. மொழிகளின் பெயர்கள் இதற்கு விலக்கு. தமிழ், இங்கிலீஷ், சான்ஸ்கிருட், பிரெஞ்சு என்பவை எங்கு வந்தாலும் பெரிய எழுத்தையே பெறும். ஒரு மனிதர், ஓர் ஊர், ஒரு நாடு, ஒரு மக்கள் கூட்டம் ஆகியவற்றின் பெயர் பாடப் பெயருள் அமைந்திருப்பின், அச்சொல்லுக்கு மட்டும் பெரிய எழுத்து உண்டு. இந்தியன் ஹிஸ்டரி என்பதில் இந்தியனுக்குப் பெரிய எழுத்து, ஹிஸ்டரிக்குச் சிறியது. யூக்ளிடியன் ஜியாமெட்ரி என்பதும் அவ்வாறே. சிக்காகோ பல்கலைக்கழக அச்சகத்தார் 1906-ஆம் ஆண்டு முதல் பதிப்பித்து வரும் நடைக் கையேடும் இம்முறையையே கூறுகிறது.

இவ்வளவு எளிய விதி நம்மவர் கையில் ஏன் தடுமாறுகிறது? காரணங்கள் சில உள.

முதலாவது, தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடே இல்லை. ஆதலின் அவ்வேறுபாட்டுக்கு நாமே ஒரு பொருள் கற்பித்துக் கொள்கிறோம். பெரியவரைக் குறிக்க 'அவர்கள்' என்று சேர்ப்பது போல, பெரிய பொருளைக் குறிக்கப் பெரிய எழுத்து என்று எண்ணிவிடுகிறோம். தான் உயிரெனக் கருதும் பௌதிகத்தைச் சிறிய எழுத்தால் எழுதப் பிள்ளையின் கை கூசுகிறது. ஆனால் ஆங்கிலத்தில் பெரிய எழுத்து மரியாதைக் குறியன்று. பெயர்க் குறியே ஆகும்.

இரண்டாவது, நம் இலக்கணப் பயிற்சி. மரம் என்பது பொதுப்பெயர், பனை என்பது சிறப்புப்பெயர் என்று நன்னூல் வழியே கற்றவர்கள், அறிவியல் என்பது பொது, பௌதிகம் என்பது சிறப்பு எனக் கொள்வது இயல்பே. ஆங்கிலத்தார் கருதும் சிறப்புப்பெயரோ வேறு. அவர்களுக்குப் பனையும் பொதுப்பெயரே, பௌதிகமும் பொதுப்பெயரே. ஒரே ஒருவருக்கோ ஒரே ஓரிடத்துக்கோ ஒரே நிறுவனத்துக்கோ உரியதாய் நிற்கும் பெயரையே அவர்கள் பெரிய எழுத்தால் தொடங்குவர்.

மூன்றாவது, அலுவலகப் பழக்கம். தலைநகருக்கு வந்த நம் குடும்பங்களுள் பல, சர்க்கார் கோப்புகளை எழுதியே வாழ்ந்தவை. அமைச்சகம், துறை, அதிகாரி என எல்லாவற்றுக்கும் பெரிய எழுத்து இடுவது அக்கோப்புகளின் வழக்கம். பாட்டனார் பேத்தியின் கட்டுரையைத் திருத்தும்பொழுது அவ்வழக்கமும் உடன் வருகிறது. பழைய ஆங்கில நூல்களிலும் பெயர்ச்சொற்கள் பல பெரிய எழுத்தால் தொடங்குவதுண்டு; 1787-இல் இயற்றப்பெற்ற அமெரிக்க அரசியல் சட்டத்தின் மூல ஏட்டில் இதனைக் காணலாம். ஜெர்மன் மொழியில் இன்றும் எல்லாப் பெயர்ச்சொற்களும் பெரிய எழுத்தையே பெறுகின்றன. இன்றைய ஆங்கிலம் அவ்வழக்கைக் கைவிட்டுவிட்டது.

நிற்க. இங்கே நம் உள்ளத்தைத் தைக்கும் செய்தி ஒன்றுண்டு. பிஸிக்ஸுக்குப் பெரிய எழுத்து இடும் பிள்ளைகளுள் சிலர், தமிழ் என்னும் சொல்லைச் சிறிய எழுத்தால் எழுதிவிடுகின்றனர். தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில் தமிழைப் பாடமாகக் கற்கும் வாய்ப்பு நம் பிள்ளைகளுக்கு இருக்கிறது. வேறு பள்ளிகளிற் பயில்வோர் வீட்டிலேனும் கற்கின்றனர். இரு மொழிகளுக்கு இடையே வளர்ந்த அனுபவமே அவர்தம் கட்டுரையில் பிறர்க்கில்லாத செல்வம். அதைச் சொல்லும் வாக்கியத்திலேயே தாய்மொழியின் பெயர் தாழ்ந்தும், பாடத்தின் பெயர் உயர்ந்தும் நிற்பது முறையன்று. தமிழுக்குப் பெரிய எழுத்து தருவது நம் பற்றினால் அன்று, விதியினாலேயே. எனினும் பற்றும் விதியும் ஒன்றுபடும் இடம் அது.

இனி, பெரிய எழுத்தே வர வேண்டிய இடங்களையும் அறிதல் வேண்டும். பல்கலைக்கழகம் ஒரு பாடத்திட்டத்துக்குச் சூட்டியுள்ள முழுப் பெயரை எழுதுங்கால், அவர்கள் அச்சிட்டவாறே எழுதுக. 'பி.எஸ்ஸி. ஆனர்ஸ் பிஸிக்ஸ் வகுப்பில் சேர விண்ணப்பிக்கிறேன்' என்னுமிடத்துப் பிஸிக்ஸுக்குப் பெரிய எழுத்து. 'எட்டாம் வகுப்பு முதல் பிஸிக்ஸ் என்னைக் கவர்ந்தது' என்னுமிடத்துச் சிறியது. முன்னது ஒரு திட்டத்தின் பெயர். பின்னது கல்வித் துறையின் பெயர். 'டிபார்ட்மெண்ட் ஆப் பிஸிக்ஸ்' என்று ஒரு குறிப்பிட்ட துறையைச் சொல்லும்பொழுதும் பெரிய எழுத்து பொருந்தும். மதிப்பெண் பட்டியலிலும் விண்ணப்பக் கட்டங்களிலும் பாடப் பெயர் தனித்து நிற்பதால், அங்கே பெரிய எழுத்தால் தொடங்குவதில் குற்றமில்லை. ஐயம் எழுந்தால் ஒரே வினா போதும்: 'இச்சொல் யாருடைய பெயர், எதனுடைய பெயர்?' விடை கிடைத்தால் பெரியது, கிடைக்காவிடில் சிறியது.

ஓர் எழுத்துப் பிழைக்காக எவரும் இடம் மறுக்கப்படுவார் என்று நாம் அச்சுறுத்தவில்லை. ஆனால் பிரிட்டனின் பொது விண்ணப்பத்தில் 2026-ஆம் ஆண்டுச் சேர்க்கை முதல் மூன்று வினாக்களுக்கும் சேர்த்து, இடைவெளி உட்பட 4000 எழுத்துக்குறிகளுக்கே இடமுண்டு. அமெரிக்கப் பொது விண்ணப்பத்தின் முதன்மைக் கட்டுரைக்கு 650 சொற்களே எல்லை. முகம் காணாத ஒருவர்முன் நம் பிள்ளை பேசக் கிடைத்த இடம் அவ்வளவே. அதில் வரிக்கு வரி தேவையற்ற பெரிய எழுத்துகள் நின்றால், படிப்பவர் கண் கருத்தை விட்டு அவற்றின்மேல் செல்லும். பாடத்தின்பால் உள்ள மதிப்பை அப்பாடத்தில் தான் செய்து பார்த்த சோதனையும், படித்த நூலும், விடை காணாது தவித்த வினாவுமே காட்ட வல்லன.

ஆகவே பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். கட்டுரை முடிந்தபின், பெரிய எழுத்துகளை மட்டும் நோக்கி ஒருமுறை படியுங்கள். ஒவ்வொன்றையும் சுட்டி, 'இது யாருடைய பெயர்?' என்று பிள்ளையைக் கேளுங்கள். திருத்தத்தைப் பிள்ளையே செய்யட்டும். கட்டுரையும் அவர் குரலிலேயே நிற்கட்டும்.

தந்தையின் பெயரை முன்னெழுத்தாக உடைய நம் பிள்ளைகள், விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தை எவ்வாறு நிரப்புவது என்பதை அடுத்த திங்கள் காண்போம்.