லைன் போனால் என்ன ஆகும்?

வானொலியில் எங்களுக்குப் பெரிய பயம் மௌனம்தான். ஒலிபரப்பில் சில விநாடி சத்தம் வராவிட்டால், அதைக் கவனித்து மாற்றுப் பாடலை ஓடவிட ஒரு கருவியே உண்டு. அதன் அருமை, போன வாரம் சுங்கை பட்டாணியில் என் அண்ணன் வீட்டில் ஒரு மாதிரி ரயில் விழுந்தபோதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

படிவம் நான்கு படிக்கும் அண்ணன் மகன், சாப்பாட்டு மேசையில் தண்டவாளம் போட்டிருந்தான். ரயிலுக்குக் கட்டளை அனுப்ப அர்டுவினோ மெகா. அதில் டிசிசி-இஎக்ஸ் என்ற இலவச மென்பொருள். மடிக்கணினியில் பைத்தனில் பத்து வரி நிரல். வைஃபை வழியாக ‘டி 3 30 1’ என்று போனால், 3-ஆம் எண் இன்ஜின் 30 என்ற வேகத்தில் முன்னால் ஓடும். 30 இருக்கும் இடத்தில் 0 போட்டால் நிற்கும்.

“அத்தை, பாருங்க!” என்றான். அந்த நேரம் பார்த்து வைஃபை போய்விட்டது. அவன் அனுப்பிய 0 போய்ச் சேரவில்லை. கடைசியாக வந்த கட்டளைப்படி ஓடிய ரயில், மேசையைத் தாண்டித் தரையில் விழுந்தது. இன்ஜினின் முகப்பு உடைந்தது. மாதக்கணக்கில் காசு சேர்த்து வாங்கியது. பையன் கண் கலங்கிவிட்டான்.

ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் அப்பா, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஐயா, உன் ரயிலுக்கு டோக்கன் இல்லையா?”

ஒற்றைத் தண்டவாளக் காலத்தில், டோக்கன் கைக்கு வராமல் ஓட்டுநர் அடுத்த ஸ்டேஷனுக்கு நகரக்கூடாதாம். “நிக்கிறதுக்கு யாரும் சொல்ல வேணாம். போறதுக்குத்தான் அனுமதி வேணும்” என்றார்.

பையனுக்குச் சட்டென்று பிடிபட்டது. நிறுத்தும் வேலை மடிக்கணினியில் இருந்தால், வைஃபை போகும்போது அதுவும் போய்விடும். அதனால் அர்டுவினோவோடு ஒரு ராஸ்பெர்ரி பையை யூஎஸ்பி வயரில் இணைத்தான். மடிக்கணினி அதற்கு அரை விநாடிக்கு ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்று சொல்ல வேண்டும். இரண்டு விநாடி பேச்சு வராவிட்டால், அதுவே 0 அனுப்பிவிடும்.

மறுநாள் ரயில் ஓடும்போதே அப்பா எழுந்து போய் வைஃபை சுவிட்சை அணைத்தார். ரயில் நின்றது.

அவர் ஓய்வுபெற்ற பிறகு, அந்த வேலையைப் பற்றி நாங்கள் யாருமே கேட்டதில்லை. அன்று இரவு பேரன் பத்து மணி வரை கேட்டுக்கொண்டிருந்தான்.

உங்கள் வீட்டிலும் ஆட்டோகேட், கேமரா என்று எத்தனையோ இருக்கும். வாங்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: லைன் போனால் இது என்ன செய்யும்?