பழைய காரும் புதிய தேவையும்

சென்ற மாதம் வகுப்பில் திருப்புத்திறன் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மரப்பலகை, ஆதாரப்புள்ளி, இருபுறமும் எடைகள் என்ற வழக்கமான கணக்குதான். இரண்டு மூன்று மாணவர்கள் கொட்டாவி விடுவதைக் கண்டதும் கணக்கை மாற்றினேன்.

"இங்கிலாந்தில் ஒரு முதியவர், 50 ஆண்டுப் பழமையான ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறார். அவரால் கார் ஓட்ட முடியும். ஆனால் நூறு அடி நடக்க முடியாது. இறங்கியபின் கடைக்கும் பூங்காவுக்கும் போக, 40 கிலோகிராம் எடையுள்ள சிறு மின் ஸ்கூட்டர் வேண்டும். அதைக் காரில் எங்கே வைப்பது?"

வகுப்பு விழித்துக்கொண்டது. ஒரு மாணவன் எழுந்து, "பழைய காரை விற்றுவிட்டுப் பெரிய கார் வாங்கினால் போகிறது, சார்!" என்றான். பலரும் சொல்லக்கூடிய பதில்தான். ஆனால் நான் அதை ஏற்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் இரு வண்டிகளையும் அறிமுகம் செய்துகொள்வோம். மொபிலிட்டி ஸ்கூட்டர் என்பது நடக்க இயலாதவர்கள் உட்கார்ந்து செல்லும் மின்கல வண்டி. பிரிட்டனில் நடைபாதையில் அது மணிக்கு 4 மைலுக்கு மேல் செல்லக் கூடாது. சிறிய வகைகளை இருக்கை, மின்கலப் பெட்டி, முன்பகுதி, பின்பகுதி எனக் கழற்றிவிடலாம்.

காருக்கு எடுத்துக்காட்டாக எம்.ஜி.பி.யை எடுத்துக்கொள்வோம். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் ஆபிங்டன் என்ற ஊரில், 5 லட்சத்துக்கும் மேல் தயாரான கார் இது. எடை ஏறத்தாழ ஒரு டன். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.31 மீட்டர். கூரையற்ற வகையில் டிக்கி சிறியது. அதிலும் உபரிச் சக்கரம் படுத்துக்கொண்டு இடத்தை அடைத்துக்கொள்கிறது.

அப்படியானால் காருக்குப் பின்னால் ஒரு தாங்கி பொருத்தி, ஸ்கூட்டரை அதில் ஏற்றலாமா? இங்கேதான் நம் மரப்பலகை வருகிறது. பின் அச்சுதான் ஆதாரப்புள்ளி. ஸ்கூட்டரின் ஈர்ப்பு மையம் அதற்குப் பின்னால் 1.15 மீட்டரில் இருப்பதாகக் கொள்வோம். 40ஐ 1.15ஆல் பெருக்கி 2.31ஆல் வகுத்தால் ஏறக்குறைய 20 வருகிறது. அதாவது முன் சக்கரங்களின் மீதுள்ள சுமை 20 கிலோ குறைகிறது. பின் சக்கரங்களின் மீது 40 அல்ல, 60 கிலோ கூடுகிறது! பின்புறப் பட்டை விற்கள் அமுங்கும். முகப்பு விளக்குகள் மேல்நோக்கி, எதிரே வருபவர் கண்ணைக் கூசச் செய்யும். திசை திருப்பும் சக்கரங்களின் பிடிப்பும் குறையும்.

இத்துடன் முடியவில்லை. வளைவில் திரும்பும் கார், தன் மையத்தைச் சுற்றிச் சுழலவும் செய்கிறது. அச்சுழற்சிக்கு ஒரு பொருள் காட்டும் எதிர்ப்பு, மையத்திலிருந்து அதன் தூரத்தின் இருமடியைப் பொறுத்தது. இதே ஸ்கூட்டரைப் பின் அச்சுக்கு நேர் மேலே வைத்தால், காரின் மையத்திலிருந்து அதன் தூரம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். எதிர்ப்போ கால் பங்காகிவிடும்! முன் சக்கரச் சுமையும் குறையாது. இடம் மாறியதால் மட்டுமே இத்தனை லாபம்.

அப்படி வைக்க வழி உண்டா? உண்டு. 1965இல் வெளிவந்த எம்.ஜி.பி. ஜி.டி. என்ற வகைக்குக் கூரையும், மேல்நோக்கித் திறக்கும் பின்கதவும் உள்ளன. சிறிய பின் இருக்கையின் முதுகை மடக்கினால், பின் அச்சுக்கு மேலேயே சமதளம் கிடைக்கிறது. ஆகவே இம்மாற்றத்திற்கு ஏற்றது ஜி.டி.தான் என்பது என் கருத்து.

இனி, தூக்குவது யார்? கழற்றிய பகுதிகளில் ஒன்று 15 கிலோ என்று கொள்வோம். குனிந்து, முதுகெலும்பிலிருந்து அரை மீட்டர் தள்ளி அதைப் பிடித்தால், முதுகுத் தசை எவ்வளவு இழுக்க வேண்டும்? அத்தசை முதுகெலும்புக்கு 5 சென்டிமீட்டர் பின்னால்தான் இருக்கிறது. நெம்புகோல் விதிப்படி பத்து மடங்கு, அதாவது 150 கிலோ எடைக்குச் சமமான விசை! வலியுள்ள முதியவரைப் பார்த்து, "கழற்றி ஏற்றிக்கொள்ளுங்கள்" என்று சொல்வோர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆகவே சிறு மின் தூக்கி தேவை. 40 கிலோவை 0.75 மீட்டர் தூக்க ஏறத்தாழ 300 ஜூல் போதும். 15 வினாடியில் தூக்கினால் 20 வாட். மூன்றில் இரு பங்கு உராய்விலும் வெப்பத்திலும் வீணானாலும் 60 வாட்தான். 12 வோல்ட் மின்கலத்திலிருந்து 5 ஆம்பியர்; ஒரு முகப்பு விளக்குக்கு ஆகும் அளவு. பழைய கார் இதைத் தாராளமாகத் தாங்கும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. 1967க்கு முந்தைய எம்.ஜி.பி.க்களில் மின்கலத்தின் நேர்முனைதான் கார் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. இன்றைய கருவிகளோ எதிர்முனை உடலோடு சேர்வதற்கென்றே செய்யப்படுகின்றன. எதிர்முனையோடு இணைந்த உலோக உறையை அந்த உடலில் அப்படியே முடுக்கினால் குறுக்குச் சுற்று ஏற்படும், கம்பி எரியும். எந்த ஆண்டுக் கார் என்று பார்க்காமல் கைவைப்பவன் தொழிலாளியே அல்ல.

இப்போது உண்மையான சர்ச்சைக்கு வருவோம். "பழைய கார் ஒரு வரலாற்றுச் சின்னம், அதில் ஓர் ஆணியைக்கூட மாற்றக் கூடாது" என்பர் சிலர். அவர்களுக்கு வரலாற்றையே பதிலாகச் சொல்லலாம். கென் காஸ்டெல்லோ என்பவர் இந்த எம்.ஜி.பி.யில் எட்டு உருளைகள் கொண்ட ரோவர் என்ஜினைப் பொருத்தி விற்றார். பின்னர் 1973இல் தொழிற்சாலையே அத்தகைய காரை வெளியிட்டது. 1974இல் அமெரிக்க விதிகளுக்காகப் பம்பரை மாற்றி, காரின் உயரத்தையும் கூட்டினார்கள். வேகத்துக்காக மாற்றியது சாதனை, சட்டத்துக்காக மாற்றியது நிர்ப்பந்தம், நடக்க முடியாத ஒருவருக்காக மாற்றினால் மட்டும் அது குற்றமா?

எனினும் மறுதரப்பிலும் ஓர் உண்மை இருக்கிறது. எம்.ஜி.பி.க்குத் தனிச் சட்டம் கிடையாது. உடலே சுமை தாங்குகிறது. அதை வெட்டினால் வலிமை போய்விடும். பிரிட்டனில் 2018 முதல், 40 ஆண்டு கடந்த கார்களுக்கு ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. ஆனால் கடந்த 30 ஆண்டுகளில் முக்கியப் பாகங்களைப் பெரிதாக மாற்றியிருந்தால் அச்சலுகை இல்லை. எனவே என் விதி இது: வெட்டாதே, முடுக்கு. முன்பே உள்ள துளைகளில் முடுக்கிய தூக்கியை நாளை கழற்றிவிடலாம். கார் பழையபடி இருக்கும். வரலாறும் பிழைக்கும், மனிதரும் பயணம் போவார்.

காரை விற்கச் சொன்ன என் மாணவனுக்கும் இதையே சொன்னேன். 25 வயதில் ஆசையோடு வாங்கிய காரை, கால் தளர்ந்தது என்பதற்காக 80 வயதில் ஒருவர் இழக்க வேண்டுமா? கால்களை நம்மால் மாற்ற முடியாது. காரை மாற்ற முடியும். மாற்ற முடிந்ததை மாற்றத்தானே பௌதிகம் படிக்கிறோம்!

அவன் சற்று யோசித்துவிட்டு, "தூக்கியைப் பொருத்தியபின் அதன் எடையையும் கணக்கில் சேர்க்க வேண்டுமே, சார்?" என்றான். சேர்க்கத்தான் வேண்டும். தூக்கியின் எடை 12 கிலோ, அது பின் அச்சுக்கு 0.4 மீட்டர் பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு நீங்களும் கணக்கிட்டுப் பாருங்கள்.